மூன்றாவது எட்டு மணி நேரம் யாருக்கு?

ஆலைச் சங்கு ஊதி எத்தனை ஆண்டாயிற்று, தோழர்களே?

முதலியார்பேட்டையிலே, ஏ.எஃப்.டி. ஆலையின் வாயிலைக் கடக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் நெஞ்சிலே எழுகிறது. ரோடியர் ஆலை என்று நம் பாட்டன்மார் சொன்ன அதே ஆலைதான். அந்தச் சங்கொலி கேட்டு ஒரு காலத்திலே இந்த ஊர் கண்விழித்தது. தாய் அடுப்பு மூட்டினாள். தந்தை தூக்குச்சட்டியை எடுத்தார். பிள்ளை பள்ளிக்குக் கிளம்பினான். 2020-இல் அந்தச் சங்கு அடங்கிற்று; கதவு சாத்தப்பட்டது.

அந்த ஆலைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1936 ஜூலை 30 அன்று, போராடிய புதுவை ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கி பேசிற்று. பன்னிரண்டு பேர் மாண்டனர். மறு ஆண்டே, 1937-இல், எட்டு மணி நேர வேலை என்ற உரிமையை அதே ஆட்சியிடமிருந்து பெற்றது புதுவைத் தொழிலாளர் வர்க்கம். கெஞ்சியல்ல, இரத்தம் கொடுத்து!

எட்டு மணி நேரம் உழைப்பு. எட்டு மணி நேரம் உறக்கம். மூன்றாவது எட்டு மணி நேரம்? அது மனிதனாக வாழ்வதற்கு! மனைவியோடு பேசுவதற்கு, மகனுக்குப் பாடம் சொல்வதற்கு, ஏடு படிப்பதற்கு, சங்கம் வளர்ப்பதற்கு! பன்னிரண்டு உயிர் கொடுத்து நாம் வாங்கிய அந்த மூன்றாவது எட்டு மணி நேரம் இன்று யாரிடம் இருக்கிறது?

மாலை ஏழு மணிக்கு நெல்லித்தோப்புக்குப் போங்கள், வாணரப்பேட்டைக்குப் போங்கள், உப்பளத்துக்குப் போங்கள். விடை உங்கள் கண்ணெதிரே நிற்கும். நிற்கும் என்றா சொன்னேன்? தள்ளாடும்!

என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன் ஒருவன். பெயர் வேண்டாம். ஆலைத் தொழிலாளியின் மகன். பந்தைக் காலில் வாங்கினால் எதிரணி பதறும், அத்தனை வேகம். அவனுடைய முதல் மிடறு பதினைந்து வயதில். கொடுத்தவன் யார்? இருட்டிலே பதுங்கும் கள்ளச்சாராய வியாபாரியா? இல்லை. ஒரு கல்யாண வீட்டின் பின்கட்டிலே, உறவுமுறை அண்ணன் ஒருவன், ஆம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் சகஜம்டா என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். முப்பத்திரண்டு வயதில் ஈரல் கெட்டு அவன் செத்தான். அவனுக்குப் பாடை கட்ட வந்தவர்களுக்கு நாங்கள் என்ன வாங்கிக் கொடுத்தோம் தெரியுமா? அதே புட்டி! பங்குப் பணம் நானும் போட்டேன். அந்த நூறு ரூபாய் இன்னும் என் கையைச் சுடுகிறது. ஆகவே, ஊருக்கு உபதேசம் செய்யும் உத்தமனாக நான் இதை எழுதவில்லை.

தனி ஒருவன் கதையா இது? கணக்கைப் பாருங்கள். இந்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. இந்நாட்டில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர் என்றது. குடியால் கெட்டு, பிறர் உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் 5.7 கோடிக்கு மேல் என்றது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்றது. முப்பத்தெட்டுப் பேர் முழுகும்போது ஒருவனுக்குத்தான் கயிறு! மற்ற முப்பத்தேழு பேர்?

குடி மட்டுமா? கஞ்சாப் பொட்டலம் பள்ளி மதிற்சுவர் வரை வந்துவிட்டது. உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலைப் பொடி, வலி மாத்திரை, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் என்று, மீசை அரும்பாத பிள்ளைகளுக்கும் எட்டும் விலையில் நஞ்சு கிடைக்கிறது.

2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையிலே ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று கொலையுண்டாள். அந்தப் பிள்ளையின் பெயரை எழுதச் சட்டமும் இடந்தராது, நெஞ்சும் இடந்தராது. ஊர் கொதித்தது. கடைகள் அடைத்தன. பெண்கள் கடற்கரைச் சாலை வரை வந்து கதறினார்கள். கஞ்சாவை ஒழி என்ற முழக்கம் வானைப் பிளந்தது. நியாயமான கோபம்! ஆனால், அந்தக் கோபம் எத்தனை நாள் நின்றது? அடுத்த மாதம் எந்தத் தெருவில் எத்தனை பேர் கூடி, இனி என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசினோம்? பிணம் விழுந்த பின் கூடுவது துக்கம். விழுமுன் கூடுவதுதான் தடுப்பு. துக்கத்தில் நாம் தேர்ந்தவர்கள், தடுப்பிலே தேறவில்லை.

“போலீஸ் என்ன செய்கிறது?” என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நம் ஊரின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். முத்தியால்பேட்டையைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் கோட்டக்குப்பம்; அது தமிழ்நாடு. விற்பவன் சைக்கிளை மிதித்து எல்லையைக் கடந்துவிட்டால், இந்தப் பக்கத்துக் காவலர் அந்தப் பக்கத்துக் காவலருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். போதைக்கு எல்லைக்கோடு தெரியாது, சட்டத்துக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் மது வாங்க 21 வயது ஆக வேண்டும். இந்தப் பக்கம் 18 போதும். மலிவும் இங்கே, வயதும் இங்கே! சனிக்கிழமை ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாரை சாரையாக வண்டிகள் வருவது பாரதியாரின் குயில்தோப்பைப் பார்க்கவா?

“அரசாங்கம் என்ன செய்கிறது?” என்று அடுத்துக் கேட்கிறீர்கள். அரசாங்கம் ஏலம் விடுகிறது, வரி வாங்குகிறது. கலால் வருமானத்தை நம்பி வரவு செலவுத் திட்டம் போடும் ஆட்சி, எந்தக் கட்சியின் ஆட்சியானாலும், கடையைத் தானாக மூடாது. மூடினாலும் அது நிற்பது அரிது. ஆந்திரத்திலே 1995-இல் முழு மதுவிலக்கு வந்தது, 1997-இல் தளர்ந்தது. தமிழ்நாட்டிலே 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971-இல் தளர்ந்து, பின் இறுகி, மீண்டும் தளர்ந்து, 2003-இல் அரசே சில்லறைக் கடை நடத்தும் நிலைக்கு வந்தது. மேலிருந்து வரும் சட்டம் மேலிருந்தே போய்விடுகிறது. ஆகவே மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தை இன்று ஒதுக்கி வைக்கிறேன். கடை திறந்திருந்தாலும், மூடியிருந்தாலும், என் தெருப் பிள்ளையின் உதட்டுக்கும் அந்த முதல் மிடறுக்கும் நடுவே நிற்கப் போவது யார்? இதுதான் என் கேள்வி.

“வார்டு உறுப்பினர் நிற்கட்டும்” என்பீர்களா? எங்கே இருக்கிறார் அவர்? 1880-லேயே கொம்யூன் கண்டு, தேர்தல் வைத்து, மேயரை அமர்த்திய ஊர் இது. அந்தப் பெருமைக்குரிய ஊரிலே 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடக்க 2006 வரை காத்திருந்தோம். 2011-இல் அந்த மன்றங்களின் காலம் முடிந்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் தேர்தல் வரவில்லை. கடற்கரையிலே 2014-இல் இடிந்து விழுந்த மேரி கட்டிடத்தைப் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். கட்டிடம் வந்தது, அதற்குள் அமர வேண்டிய மக்கள் மன்றம் வரவில்லை!

மன்றம் வரும் வரை தெரு காத்திருக்க முடியுமா? தெருவே மன்றமாக வேண்டும்.

புதிதாகச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். 1921-இல் ஈரோட்டிலே கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் சிறை சென்றார். மறியல் நின்றதா? அவர் துணைவியார் நாகம்மையாரும், தங்கை கண்ணம்மாளும் வீதிக்கு வந்தார்கள். தடையுத்தரவு அவர்களைத் தடுக்கவில்லை. பட்டம் பெற்றவர்களா அவர்கள்? பதவி வகித்தவர்களா? வீட்டுக்குள் இருந்த பெண்கள்!

1992-இல் நெல்லூர் மாவட்டத்திலே துபகுண்டா என்ற சிற்றூர். எழுத்தறிவு வகுப்பிலே பெண்கள் கூடினார்கள். சாராயக் கடையை விரட்டிய பெண்களின் கதையொன்று பாடமாக வந்தது. கதையிலே முடிந்தது நம் ஊரிலே முடியாதா என்று கேட்டார்கள். சாராயக் கடை மூடிற்று. ஊர் ஊராகப் பரவிய தீ, ஏலம் எடுக்க ஆளில்லாத நிலையை உண்டாக்கியது. 1993-இல் மாநிலம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. புதுவையிலும் ஏறத்தாழ அதே காலத்தில் அறிவொளி இயக்கம் தெருத் திண்ணைகளில் விளக்கேற்றியதை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று எழுத்துக்காகக் கூடிய திண்ணை, இன்று பிள்ளைகளுக்காகக் கூடாதா?

இவையெல்லாம் கடையை எதிர்த்த போர்கள். பிள்ளையைக் காக்கும் திட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு வெகு தொலைவிலுள்ள ஒரு நாட்டைக் காட்டுகிறேன். ஐஸ்லாந்து, பனி சூழ்ந்த தீவு. நம் புதுவை ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாடு. 1998-இல் அங்கே கணக்கெடுத்தார்கள். 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர், அதற்கு முந்திய ஒரு மாதத்துக்குள் குடித்து மயங்கியவர்கள்! நாடு திடுக்கிட்டது. பிள்ளைகளை அடித்தார்களா? சிறையிலே பூட்டினார்களா? இல்லை. பெற்றோர், பள்ளி, நகராட்சி எல்லாரும் ஒன்று கூடினார்கள். இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் சிறுவர்கள் துணையின்றி வெளியே திரியக் கூடாது என்று விதித்தார்கள். பெற்றோர் குழுக்களாக இரவில் தெருவைச் சுற்றி வந்தார்கள். பந்தாட்டம், நீச்சல், இசை, நடனம் ஆகியவற்றுக்குப் பொதுப்பணத்தைக் கொட்டினார்கள். ஆண்டுதோறும் பள்ளிகளில் கணக்கெடுத்து, அந்தந்தப் பகுதிக்கு அதன் நிலையைச் சொன்னார்கள். 2016-இல் அந்த 42 என்னவாயிற்று? ஐந்து! நூற்றுக்கு ஐந்து பேர்!

என்ன செய்தார்கள் அவர்கள்? பிள்ளைகளின் ஓய்வு நேரத்தை மீட்டார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன அந்த மூன்றாவது எட்டு மணி நேரம்! அதை வெறுமையாக விட்டால் நஞ்சு வந்து குடியேறும். நல்லதைக் கொண்டு நிரப்பினால் நஞ்சுக்கு இடமிராது. “அது பணக்கார நாடு” என்று சொல்லி நழுவாதீர்கள். பந்துக்கு எவ்வளவு விலை? ஒருவன் நாளொன்றுக்கு 150 ரூபாய் குடிக்கிறான் என்று வையுங்கள். ஆண்டுக்கு 54,750 ரூபாய். பத்துப் பேர் குடிக்கும் தெருவிலே ஐந்தரை லட்சம்! ஏழைத் தெருவா அது? ஏழையாக்கப்பட்ட தெரு!

சரி, எப்படித் தொடங்குவது? ஐந்து வேலை சொல்கிறேன். கூட்டம் போட்டுக் கைதட்டிக் கலைவது இதிலே இல்லை.

முதல் வேலை, கணக்கு. நோட்டும் பென்சிலுமாகத் தெருவை நடந்து பாருங்கள். எந்த மூலையில் விளக்கு எரியவில்லை? எந்தப் பெட்டிக்கடையில் சிறுவனுக்குப் பொடி விற்கிறார்கள்? பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்? மாலை நாலு மணி முதல் எட்டு மணி வரை அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? குடிப்பவர் பட்டியல் அல்ல நான் கேட்பது. இடத்தைக் குறியுங்கள், மானத்தைக் குறிக்காதீர்கள்.

இரண்டாவது, கூட்டு. அமெரிக்காவிலே 1997-இல் இதற்கென்று ஒரு சட்டம் செய்து, பெற்றோர், பிள்ளைகள், பள்ளி, வணிகர், காவல்துறை, மருத்துவர், சமய நிறுவனம் எனப் பன்னிரண்டு தரப்பினர் ஒரே அமைப்பில் சேர்ந்தால்தான் உதவிப் பணம் என்று விதித்தார்கள். நம் தெருவுக்கும் பன்னிரண்டு பேர் கிடைக்க மாட்டார்களா? மகளிர் சுய உதவிக் குழுவின் அக்கா, பள்ளி ஆசிரியர், ஆட்டோ நிலையத் தோழர், சுகாதார நிலையச் செவிலியர், கோயில், மாதாகோயில், பள்ளிவாசல் பெரியவர்கள், காவல் நிலையத்தார், பெட்டிக்கடைக்காரர், குடியை விட்டு மீண்ட ஒருவர், இரண்டு இளைஞர்கள். ஆம், எதிர்க்கட்சிக்காரரும்! அவர் மகனும் அதே மூலையில்தான் நிற்கிறான். எல்லைத் தெருவானால் கோட்டக்குப்பத்து நண்பரையும் அழையுங்கள்.

மூன்றாவது, திட்டம். நாற்பது தீர்மானம் வேண்டாம், இரண்டு போதும். எந்த வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். விளக்கு எரிய வேண்டும். மாலையில் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்று தொடங்குங்கள்.

நான்காவது, செயல். சட்டம் நம் கையில் இருக்கிறது. கல்விக்கூடத்துக்கு நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கு மதுவோ, போதைப் பொருளோ, புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம். முதலில் கடைக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அவரும் தகப்பன்தான். கேட்காவிட்டால் எழுத்து மூலம் புகார். கூட்டாகக் கையெழுத்திட்ட புகாரைக் குப்பையில் போடுவது எளிதல்ல.

ஐந்தாவது, அளவு. ஆறு மாதம் கழித்து அதே நோட்டை எடுத்து அதே தெருவை நடந்து பாருங்கள். இருட்டு மூலை குறைந்ததா? பள்ளிக்குத் திரும்பியவர் எத்தனை பேர்? குறையவில்லையென்றால், வெட்கப்படாமல் திட்டத்தை மாற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அகப்பட்ட பிள்ளையைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கும் வீரம் நமக்கு வேண்டாம். விற்பவன் சட்டத்தின் முன் நிற்கட்டும். பழகியவன் மருத்துவர் முன் நிற்கட்டும். சிறிதளவு போதைப் பொருளோடு பிடிபட்ட அடிமையாளர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டமே வழி வைத்திருக்கிறது. நெடுநாள் குடித்தவரை அறையில் பூட்டித் திடீரென்று நிறுத்தச் செய்வதும் ஆபத்து. வலிப்பு வரும், பிதற்றல் வரும், உயிரே போகவும் கூடும். கோரிமேட்டிலே ஜிப்மர் இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. அந்த எண்ணைத் தெருச் சுவரில் எழுதுங்கள். நம் தலைவர்களின் பெயரை எழுதிய சுவரில் அதற்கும் ஓரடி இடம் கொடுங்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கழகத் தோழர்களே, கோபிக்காமல் கேளுங்கள்.

தேர்தல் வந்தால் டோக்கன் யார் கொடுத்தது? ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்க ஒரு பிரியாணிப் பொட்டலமும் ஒரு குவார்ட்டரும் யார் வாங்கியது? மேடையின் முன்புறம் மானம், மரியாதை, சுயமரியாதை என்று முழங்கிய அதே நேரத்தில், மேடையின் பின்புறம் திரைக்குள் என்ன நடந்தது? எல்லாக் கட்சியிலும் நடக்கிறது என்று சொல்லித் தப்ப வேண்டாம். எல்லாக் கட்சியையும் போல் இருப்பதற்கா இந்தக் கழகத்துக்கு வந்தோம்? கொடி பிடிக்க வந்த பதினேழு வயதுத் தம்பிக்கு முதல் மிடறு நம் பந்தலிலே கிடைத்திருந்தால், அவன் வீட்டுக்கு எந்த முகத்தோடு வாக்குக் கேட்கப் போவோம்? என் நண்பனுக்கு அந்தக் கோப்பையை நீட்டிய உறவுக்கார அண்ணன் யார் என்று நினைத்தீர்கள்? சில ஊர்களில் அவன் நம் கிளைச் செயலாளராகவும் இருக்கிறான்!

ஆகவே, தெருவைத் திருத்தப் புறப்படுமுன் ஓர் உறுதி எடுப்போம். நம் கொடி பறக்கும் எந்தப் பந்தலிலும், கல்யாணமானாலும் கருமாதியானாலும் தேர்தலானாலும், புட்டி திறக்கப்படாது. அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றினால்தான் மற்ற தரப்பினர் நம்மோடு ஒரே பாயில் உட்காருவார்கள். இல்லாவிட்டால் சிரிப்பார்கள். சிரிப்பது நியாயமும் ஆகும்.

நம்மிடம் ஒரு சொத்து இருக்கிறது. ஒரு காலத்தில் தெருத்தோறும் நாம் திறந்த படிப்பகங்கள்! ஒருவர் உரக்கப் படிக்க, ஒன்பது பேர் சுற்றி அமர்ந்து கேட்ட இடங்கள். எழுத்தறியாத மூட்டை தூக்கும் தோழர் உலகச் செய்தி பேசியது அங்கேதான். இன்று பல இடங்களில் பூட்டுத் தொங்குகிறது. சில இடங்களில் கீற்று இற்றுப் போயிற்று. அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். திறந்து, கூட்டி, விளக்குப் போடுங்கள். நாலு ஏடு, ஒரு கேரம் பலகை, ஒரு பந்து, மாலையில் பாடம் சொல்ல ஒரு கல்லூரித் தங்கை. நாலு மணிக்குத் திறந்து எட்டு மணிக்கு மூடுங்கள். அந்த நாலு மணி நேரத்தில் பிள்ளை நம் கண் முன்னே இருப்பான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, உங்கள் தெருவில் ஏழு பேர் கூடுங்கள். நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. மாலை வேண்டாம், மைக் வேண்டாம், தலைவர் வேண்டாம். முதல் பக்கத்தில் முதல் வரியாக எழுதுங்கள்: எந்த மூலையில் விளக்கு எரியவில்லை?

1936-இல் மாண்ட அந்தப் பன்னிரண்டு பேரும் நமக்கு வாங்கிக் கொடுத்த நேரம் அது. அதைச் சாராயத்துக்குத் தாரை வார்க்க நமக்கு உரிமையில்லை. ஆலைச் சங்கு அடங்கிவிட்டது, தோழர்களே. இனி வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டியது நாம்தான்.